படம் பார்த்து அழுவது பற்றி: சாட்ஸ்வொர்த் திரையிடலுக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் மாநகரின் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில், மாதம் ஒரு ஞாயிறு மாலை படம் திரையிட்டு வருகிறோம். பெரும்பாலும் தமிழ்ப் படங்கள்; இடையிடையே ஜூலு மொழிப் படமும் உண்டு. படம் முடிந்து தேநீர் ஊற்றும் வேளையில், கதையைப் பற்றிக் கேட்பவர்களைவிடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்மைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு, படித்தறிந்ததையும் அரங்கில் பார்த்தறிந்ததையும் வைத்து எழுதிய விடைகள் இவை.

கேள்வி: எல்லாம் நடிப்பு என்று தெரிந்திருந்தும் அழுகை வருவது ஏன்?

நடிப்பு என்ற அறிவு நம்மை நாற்காலியில் உட்கார வைக்கிறதே தவிர, கண்ணீரைத் தடுப்பதில்லை. வெங்காயம் நறுக்கும்போது வரும் கண்ணீர் கண்ணின் எரிச்சலால் வருவது. துக்கத்தில் வரும் கண்ணீரோ மூளையின் உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து நரம்பு வழியாகக் கண்ணீர்ச் சுரப்பிக்கு வரும் கட்டளையால் சுரப்பது. அந்தக் கட்டளை பிறப்பதற்கு நிகழ்ச்சி உண்மையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. நெருக்கத்தில் காட்டப்படும் ஒரு முகம், தழுதழுக்கும் ஒரு குரல், அதற்குத் தகுந்த இசை ஆகியவை போதும். இரண்டு வகைக் கண்ணீரும் ஒரே நீர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வில்லியம் ஃப்ரே என்னும் உயிர்வேதியியலாளர் 1980-களில் இரண்டையும் ஒப்பிட்டு, உணர்ச்சியால் வரும் கண்ணீரில் புரதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்.

இன்னொரு காரணத்தை நான் அரங்கில்தான் கண்டுகொண்டேன். வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும், வந்தவர்களுக்குத் தேநீர் போட வேண்டும். அழுவதற்குக் கடைசியில்தான் நேரம் கிடைக்கும். திரையில் நடக்கும் துன்பத்துக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கை சும்மா இருப்பதால் கண் தன் வேலையைச் செய்துவிடுகிறது. கணவரின் ஈமச் சடங்கில் ஒரு சொட்டுக்கூட விடாத பெண்மணி, பல மாதம் கழித்து யாரோ ஒரு நடிகரின் இறப்புக் காட்சியில் குலுங்கி அழுவதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

கேள்வி: எந்த மாதிரிக் காட்சிகள் அதிகம் அழ வைக்கின்றன?

இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியம் கொடுக்கும் பட்டியலை மிஞ்சிய ஒன்றை நான் இதுவரை காணவில்லை. மெய்ப்பாடுகள், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகள், எட்டில் ஒன்றான அழுகைக்கு அது நான்கு காரணங்களைக் கூறுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. உயிரையோ பொருளையோ இழப்பது இழவு. முன்பு இருந்த நிலை கெட்டுத் தளர்வது அசைவு. துய்ப்பதற்கு ஒன்றும் இல்லாதிருப்பது வறுமை.

பீம்சிங் இயக்கி 1961-இல் வந்த ‘பாசமலர்’ படத்தின் இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வமும் செல்வாக்கும் உடையவனாக இருந்த அண்ணன் பார்வை இழந்து, உடல் தளர்ந்து தங்கையிடம் வருகிறான். இருவரும் கைகோத்தபடியே உயிர்விடுகிறார்கள். அந்த இறப்பைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் அரங்கில் விசும்பல் தொடங்குவது அதற்கு முன்பே, அண்ணன் தட்டுத் தடுமாறி வரும் நடையைப் பார்த்ததுமே. இழவு வருவதற்கு முன்பாகவே அசைவு வேலையை முடித்துவிடுகிறது.

1982-இல் வெளியான பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ வேறு வகை. கேத்தி ரயில் நிலையத்தில், நினைவு திரும்பிய பெண்ணுக்குத் தன்னை அடையாளம் காட்டுவதற்காக, முன்பு அவளைச் சிரிக்க வைத்த குரங்காட்டத்தை மழையில் ஆடிக் காட்டுகிறான் நாயகன். அவள் அவனைப் பைத்தியக்காரன் என்று எண்ணிவிடுகிறாள், வண்டியும் புறப்பட்டுவிடுகிறது. யாரும் சாகவில்லை. அன்பு செலுத்திய ஒருவன், அந்த அன்பாலேயே இகழ்ச்சிக்கு உள்ளாகிறான். இழவும் இளிவும் ஒன்றாகக் கலந்த காட்சி அது.

எங்கள் குவாசுலு-நடால் மாநிலத்தில் நடக்கும் கதையான ‘யெஸ்டர்டே’ என்ற ஜூலு மொழிப் படம் 2004-இல் வந்தது. எச்.ஐ.வி. தொற்றிய ஏழைத் தாய், தன் மகள் முதல் நாள் பள்ளிக்குப் போவதைப் பார்க்கும் வரையிலாவது உயிரோடு இருந்துவிட வேண்டும் என்று உறுதி கொள்கிறாள். சுரங்க வேலைக்குப் போய் நோயோடு திரும்பிய கணவனைக் கிராமம் ஒதுக்கிவைக்க, அவனுக்காகத் தகரமும் பலகையும் பொறுக்கி வந்து தானே ஒரு கொட்டகை எழுப்புகிறாள். தொல்காப்பியம் சொன்ன நான்கும் அந்தக் கொட்டகைக்குள் இருக்கின்றன. தாயாக நடித்த லெலெட்டி குமாலோ டர்பனை அடுத்த குவாமாஷுவைச் சேர்ந்தவர் என்பதால், அவர் திரையில் தோன்றும்போது அரங்கில் ஒரு தனிச் சொந்தமும் உண்டாகிறது.

நான் பார்த்த வரையில், எங்கள் ஊர் முதியவர்களை இறப்புக் காட்சியைவிட இகழ்ச்சிக் காட்சியே அதிகம் கலங்க வைக்கிறது. பெற்ற பிள்ளையின் கண் முன்னால் தகப்பன் திட்டு வாங்கும் காட்சி வந்தால் முன்வரிசையில் ஒருவரும் அசைவதில்லை. நிறவெறி ஆட்சியில் தன் தகப்பன் அப்படி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

கேள்வி: எனக்குத் தமிழ் தெரியாது. சப்டைட்டில் படித்து அழுவதை அழுகை என்று சொல்லலாமா?

இளைஞர்கள் அதிகம் கேட்பது இதுதான். கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று, இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் சென்னையிலிருந்து டர்பனை வந்தடைந்தது. அதற்குப் பிறகு நான்கைந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. பெரும்பாலான வீடுகளில் இன்று ஆங்கிலம்தான் புழங்குகிறது. ஆகவே இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியது அன்று. அரங்கில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கேள்வி.

ஒரு காட்சியில் சொல்லுக்கு இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. ‘பாசமலர்’ படத்தில் பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் தத்தம் வீட்டில் தத்தம் குழந்தையைத் தாலாட்டும் பாடல் ஒன்று உண்டு. அந்தப் பாடலுக்கு எங்களிடம் இருந்த பிரதியில் சப்டைட்டில் இல்லை. தமிழ் அறிந்த பாட்டிமார்களும் அறியாத பேரப்பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் கண்ணைத் துடைத்தார்கள். இரண்டு வீடு, இரண்டு தொட்டில், ஒரே மெட்டு என்பதே போதுமானதாக இருந்தது.

இது புதிய பழக்கமும் அல்ல. இந்தியா 1946-இல் தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்துக்கொண்ட பிறகும் இந்தியப் படங்கள் இங்கே ஓடின. டர்பனின் கிரே தெருவையும் அதைச் சுற்றியிருந்த தெருக்களையும் சேர்ந்த அவலோன், ஷா ஜஹான் போன்ற அரங்குகளுக்கு, சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போன தலைமுறை இன்னும் இருக்கிறது. தமிழர் இந்திப் படத்துக்கும், இந்தி பேசுவோர் தமிழ்ப் படத்துக்கும் போய் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுததாக அவர்கள் சொல்கிறார்கள். வசனம் புரிந்த ஒருவர் பக்கத்து இருக்கைகளுக்கு மெல்லப் பெயர்த்துச் சொல்ல, அந்த வரிசை மட்டும் சற்றுத் தாமதமாக அழுமாம்.

சப்டைட்டிலால் இழப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. எழுத்தைப் படிக்கும் கண் முகத்தைத் தவறவிடுகிறது. வெள்ளை வேட்டியின் மேல் வெள்ளை எழுத்து விழுந்தால் இரண்டுமே போய்விடுகிறது. முக்கியமான காட்சிகளில் எழுத்தை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. விட்டுப்போன வரியைத் தேநீர் நேரத்தில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: சோகக் காட்சியில் சும்மா இருந்துவிட்டு, பிரிந்தவர் சேரும் காட்சியில் அழுகிறேனே?

அது மிக இயல்பானது. துன்பம் நீடிக்கும் வரையில் உடல் இறுக்கமாகவே இருக்கிறது. ஆபத்து நீங்கியது என்று தெரிந்த பிறகுதான் தளர்கிறது. காணாமற்போன குழந்தை கிடைத்த பின்பே தாய் உட்கார்ந்து அழுவாள். அதோடு, சேரும் காட்சி ஒவ்வொன்றும் நம் வாழ்வில் சேராமல் போனவர்களையும் நினைவூட்டுகிறது. ஆனந்தக் கண்ணீர் என்று நாம் சொல்வதில் ஆனந்தம் மட்டுமே இருப்பது அரிது.

கேள்வி: ஆண்கள் அழலாமா?

அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். ‘மூன்றாம் பிறை’ திரையிட்ட மாலையில் விளக்கைப் போட்டதும், வயதான ஓர் ஐயா குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. அவர் அதை அவிழ்த்து, மறுபடி கட்டி, மற்றக் காலுக்கும் அதையே செய்து, முகம் தெளிந்த பிறகே நிமிர்ந்தார். அன்றிலிருந்து படம் முடிந்தவுடன் விளக்கைப் போடுவதில்லை. எழுத்தோட்டம் முழுவதும் ஓடி முடியும் வரை மண்டபம் இருட்டாகவே இருக்கும். தயவுசெய்து கைப்பேசி வெளிச்சத்தையும் அப்போது போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு அழுகையே வரவில்லை. நான் கல்நெஞ்சக்காரியா?

இல்லை. சிலருக்குத் தொண்டை அடைக்கும், சிலருக்கு வயிறு பிசையும், சிலருக்குக் கோபம் வரும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் கண்ணீரையும் மட்டுப்படுத்துவது உண்டு; அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். குற்றம் படத்தின் பக்கமும் இருக்கலாம். நம்மை அழ வைத்தே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டு எடுத்த காட்சிக்கு முன்னால், உலர்ந்த கண்ணோடு இருப்பது நல்ல ரசனையின் அடையாளமாகவும் இருக்கலாம்.

கேள்வி: அழுதால் மனம் லேசாகும் என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் உடனே அல்ல. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலருக்கு உருக்கமான படங்களைக் காட்டி, அழுதவர்களையும் அழாதவர்களையும் ஒப்பிட்டார்கள். அழாதவர்களின் மனநிலையில் பெரிய மாற்றம் இல்லை. அழுதவர்களின் மனநிலை படம் முடிந்தவுடன் நன்றாகவே தாழ்ந்தது. சுமார் 20 நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. 90 நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிடவும் மேலாக இருந்தது.

எனவே கண்ணீரோடு நேரே காரில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தாழ்ந்திருக்கும் அந்த முதல் 20 நிமிடத்தில் ஓட்டுநர் இருக்கையைவிட மண்டபத்து நாற்காலியே நல்லது. ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீரும் வடையும் இருக்கும்.

சேர்ந்து பார்ப்பதிலும் ஒரு பலன் இருப்பதாகத் தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பாரின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், துயரக் கதையைக் குழுவாகப் பார்த்தவர்களுக்கு வலி தாங்கும் அளவும், உடன் பார்த்தவர்களோடு உணர்ந்த நெருக்கமும் சராசரியாகக் கூடின. வலியை எப்படி அளந்தார்கள் என்றால், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பார்த்தார்கள். எங்கள் மண்டபத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் இல்லை.

கேள்வி: அழ வைத்த படம் நல்ல படம்தானே?

என் விடை, இல்லை என்பதே. நோயுற்ற குழந்தை, கதறும் தாய், உச்சத்துக்கு ஏறும் வயலின் ஆகியவற்றை எவர் சேர்த்துக் காட்டினாலும் கண் கலங்கத்தான் செய்யும். அதில் இயக்குநரின் திறமைக்கு இருக்கும் பங்கைவிட நம் நரம்புகளின் பங்கே அதிகம். நான் கைக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. மறுநாள் அந்தக் காட்சியை இசையில்லாமல், வெறும் வாயால் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதும் குரல் தடுமாறினால் அது கதையின் வலிமை. சொல்வதற்கு எதுவுமே இல்லாமல், அழுத நினைவு மட்டும் எஞ்சியிருந்தால், வயலின் வாசித்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

கேள்வி: எங்கள் ஆயா (பாட்டி) தொடர் நாடகம் முடிந்துபோனதற்கு ஒரு வாரம் வருந்தினார்கள். இது சரியா?

தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே 1976 ஜனவரி 5 அன்றுதான் முறைப்படி தொடங்கியது. அதன் பின்னும் நெடுங்காலம் தமிழுக்கு அதில் சொல்லிக்கொள்ளும்படியான இடம் இல்லை. வாடகை வீடியோ கேசட்டுகளைத் தேடி அலைந்த தலைமுறைக்கு, டிஷ் வழியாகத் தமிழ்ச் சேனல் வீட்டுக்கே வந்தது சிறிய நிகழ்ச்சி அல்ல. பிள்ளைகள் ஜோகனஸ்பர்க்குக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்ட வீட்டில், வாரத்தில் ஐந்து நாள், குறித்த நேரத்தில், தன் மொழியில் பேசிக்கொண்டு உள்ளே வருபவர்கள் அந்தத் தொடரின் மனிதர்கள் மட்டுமே. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1956-லேயே இந்த ஒருதலை உறவைப் பற்றி எழுதிவிட்டார்கள்: அவர்களை நாம் அறிவோம், நம்மை அவர்கள் அறியார், ஆனாலும் பழக்கம் பழக்கம்தான்.

தமிழே தெரியாத பேத்தி, குவாமாஷுவில் நடக்கும் ‘உஸாலோ’ தொடரை ஒரு நாளும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டு ஆயாவைக் கேலி செய்வதில் நியாயம் இல்லை. கேலி செய்வதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுப் பாருங்கள். வில்லிக்கு ஆயா கொடுக்கும் சாபங்களிலேயே நல்ல தமிழ் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: சில காட்சிகளை என்னால் பார்க்கவே முடிவதில்லை. எழுந்து போனால் தவறாக எண்ணுவார்களா?

எண்ண மாட்டார்கள், காரணமும் கேட்க மாட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வண்டியில் சாமான் ஏற்றும் காட்சி வேறு ஊரில் ஒரு சாதாரணக் காட்சியாக இருக்கலாம். சாட்ஸ்வொர்த்தில் அப்படி அல்ல. இனவாரியாக மக்கள் வாழும் பகுதிகளைப் பிரித்த, 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும், மாநகராட்சித் தொழிலாளர்களான தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டுதான் இந்த ஊரே நிரம்பியது. டர்பனுக்கு வடக்கே உள்ள பீனிக்ஸ் பக்கமிருந்து வருபவர்களுக்கு, 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தீ வைப்பும் தடுப்பரணும் காட்டும் காட்சிகள் வெறும் காட்சிகள் அல்ல.

இப்போது திரையிடுவதற்கு முன்பே ஒரு சிறு அறிவிப்புச் செய்கிறோம்: இன்னின்ன காட்சி வரும், ஏறத்தாழ இந்த நேரத்தில் வரும் என்று. கதை தெரிந்துபோகிறதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். இருக்கட்டும். கதை தெரிந்த படத்தைப் பத்து முறை பார்த்து அழுகிறவர்கள்தான் நாம்.

கேள்வி: குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை உருக்கமான படங்களுக்கு அழைத்து வர வேண்டாம் என்பது எங்கள் சொந்த முடிவு. அதற்கு மேற்பட்ட குழந்தை அழுதால், உடனே “அது நடிப்பும்மா, அழாதே” என்று அடக்காதீர்கள். முதலில், யாருக்காக அழுகிறது என்று கேளுங்கள். ஒரு சிறுவன் கதாநாயகனுக்காக அல்ல, அவன் விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டிக்கு யார் சோறு போடுவார்கள் என்று அழுதுகொண்டிருந்தான். அந்தக் கேள்வியை இயக்குநர்கூட எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

கேள்வி: எப்போது கவலைப்பட வேண்டும்?

படம் முடிந்து பல நாட்கள் ஆகியும் அழுகை ஓயாமல், உறக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை நின்றுபோனால், காரணம் படமாக இருக்காது. ஏற்கெனவே உள்ளே இருந்த ஒன்றைப் படம் கிளப்பிவிட்டிருக்கும். அப்போது குடும்ப மருத்துவரிடம் போங்கள். கோயிலில் அர்ச்சனையும் செய்யலாம்; ஆனால் மருத்துவருக்குப் பதிலாக அல்ல.

கேள்வி: எப்போதும் அழுகைப் படம்தானா? சிரிப்புப் படம் போடக் கூடாதா?

போடுகிறோம். நாகேஷ் நடித்த படம் ஒன்றைப் போட்டபோது மண்டபமே அதிர்ந்தது. இடைவேளையில் ஓர் அம்மா அழுதுகொண்டிருந்தார். இதே காட்சிக்கு அவருடைய அண்ணன் தரையில் உருண்டு சிரிப்பாராம்; அந்த அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறதாம். பக்கத்தில் இருந்தவர்கள் அண்ணனைப் பற்றிக் கேட்கத் தொடங்க, அவர் சொல்லச் சொல்ல அவர்களும் சிரிக்க, இடைவேளை நீண்டு, இரண்டாம் பாதியைத் தாமதமாகத்தான் தொடங்க முடிந்தது. ஆடி மாதத்தில் மட்டும், மாரியம்மன் கஞ்சி ஊற்றும் ஞாயிறுகளில் மண்டபம் கிடைக்காது என்பதால், திரையிடல் இருக்காது.